கடைசிச் சட்டை

காய்ச்சலோடு கணவர் தணிகைவேல் உள்ளறையில் அடைந்து பதினோரு நாளாகிறது. ஊரடங்கில் பொழுது போகாமல் கோமளவல்லி பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டிப் போர்வை தைத்துக்கொண்டிருந்தாள். அவர் அறை வாசலில் தட்டை வைத்துவிட்டு வந்து மறுபடி தையல் மெஷினில் உட்காருவாள். வீடியோ காலில் மகள் கேட்டாள்: "என்னம்மா, எல்லாமே அப்பா சட்டையா இருக்கு? உன் சேலை ஒண்ணுகூட இல்லையே." "கைக்கு வந்தத வெட்டுனேன்டி" என்றாள். விரித்துப் பார்த்தபோதுதான் அவளுக்கே தெரிந்தது. அப்போது உள்ளறைக் கதவு தட்டப்பட்டது. "கோமளா, காய்ச்சல் விட்டுருச்சு. குளிச்சிட்டு வெளிய வரேன். ஒரு சட்டை எடுத்து வை." ஒன்றுதான் மிச்சமிருந்தது. அதன் கழுத்துப்பட்டையில் கத்தரிக்கோல் ஏற்கெனவே பாதி இறங்கியிருந்தது. அவள் மீதியையும் வெட்டினாள்.