திருவல்லத்தில் ஒரு ஸீன்

வலது கையில் மாமியார். இடது கையில் மச்சினன். இடுப்பளவு கரமனையாற்றில் நான்.

மாமியார் துணி கட்டிய மண் கலயத்துக்குள் சாம்பலாக இருந்தாள். மச்சினன் ஜெயந்த் நியூஜெர்ஸியில், என் போனுக்குள். விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறானாம். இப்போது வந்தால் திரும்பிப் போக முடியாதாம். அதனால் அவன் அக்கா, என் மனைவி லலிதாம்பாள் கையிலிருந்து தர்ப்பைப் புல்லை வாங்கிக்கொண்டு, பெற்ற பிள்ளையின் வேலையை மாப்பிள்ளை செய்கிறேன்.

லலிதா படியில் நின்றாள். போனைத் தொடமாட்டாள். அம்மா போன நாளிலிருந்து தம்பியோடு பேச்சில்லை.

"ரொம்ப ஸீனிக்கா இருக்கு, அத்திம்பேர்," என்றான் அந்த அமெரிக்கத் துரை. "கொஞ்சம் லெஃப்ட்ல காட்டுங்கோ. தென்னை மரமெல்லாம் தெரியட்டும்."

அவன் முகத்தைக் காட்டவில்லை. திரையில் அவன் பெயரின் முதலெழுத்து மட்டும் ஒரு வட்டத்துக்குள். போர்வைக்குள் படுத்துக்கொண்டு பார்க்கிறான் போலிருக்கிறது.

கலயத்தைக் காட்டினால் உடனே, "கோயில் சைடு?"

அம்மாவைக் கரைக்கிற இடத்தில் டூரிஸ்ட்.

ஸீனிக்காம். தம்பானூர் டியூட்டோரியலில் ஆயுளெல்லாம் இங்கிலீஷ் விற்றவன் நான். சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டுவது என் வியாதி. ஆற்றில் நின்றாலும் விடாது. கிரேக்கக்காரனுக்கு 'ஸ்கேனே' என்றால் கூடாரம். நாடகக்காரன் சபையின் கண்ணில் படாமல் ஒளிந்து வேஷம் மாற்றுகிற இடம். பிற்பாடுதான் அதன்மேல் மலையும் மரமும் எழுதி மாட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் உலகம் வாயைப் பிளக்கிறது.

இதை அவனுக்குச் சொல்லவும் சொன்னேன். வகுப்பில் கிடைத்த அதே மரியாதை கிடைத்தது.

"ஓகே, அத்திம்பேர். கொக்கு ஏதாவது இருக்கா?"

"சாரே, போனை மாமிகிட்ட கொடுத்துட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சு முங்குங்கோ," என்றார் கரையிலிருந்து மந்திரம் சொல்கிற வாத்தியார். லலிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. போனைக் கலயத்துக்கு நேரே பிடித்தேன்.

"கொக்கு இல்லைடா. உங்கம்மா இருக்கா. பாரு."

போனிலிருந்து ஒரு சத்தம் வந்தது. வாயில் துண்டைத் திணித்துக்கொண்டவனிடமிருந்து துண்டையும் மீறி வருகிற சத்தம். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். படிவரை கேட்டிருக்கும்.

"அந்தப் பக்கமே காட்டுங்கோ, அத்திம்பேர்."

திருப்பினேன். தென்னை மரம், கோயில் கூரை, ஆகாயம். கலயத்தை ஒற்றைக் கையால் நெஞ்சோடு அணைத்தேன். போன் கையை மட்டும் கொடிக்கம்பம் மாதிரி தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு முங்கினேன். வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

எழுந்தபோது இரண்டு கையும் காலியாக இருந்தன.

பக்கத்தில் லலிதா, புடவை இடுப்புவரை நனைய நின்றிருந்தாள். போனை எதிர்க்கரைப் பக்கம் பிடித்திருந்தாள்.

"அதோ, அந்தச் சாய்ஞ்ச மரத்துல ஒரு கொக்கு உக்காந்துண்டிருக்கு. தெரியறதாடா?"

நானும் பார்த்தேன். சாய்ந்த மரத்தில் ஒன்றும் இல்லை.