முப்பது மாத்திரை

சிகிச்சை மைய வாசலில் தன் தம்பியின் பைக்கிலிருந்து இறங்கிய பிறகும் ஆலோசகர் அம்மாவின் பேச்சு ஓயவில்லை.

“போன்ல பேசினா இதுங்க வாய் கூசாம பொய் சொல்லுதுங்க. கண்டபடி ஆட வேண்டியது, அப்புறம் நம்ம உயிரை வாங்க வேண்டியது.”

தம்பி வழக்கம்போல ‘ம்’ கொட்டிவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தின் ஆலோசனை அறைக்குள் நுழைந்துவிட்டால் அம்மாவே வேறு ஆள். போனில் அப்படியே தேன் ஒழுகும். மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா, டப்பாவில் மிச்சம் எத்தனை என்று வாரம் தவறாமல் ஒவ்வொருவரிடமும் விசாரிப்பார்.

அவர்களில் ஒருவர் வெல்டர். எட்டு மாதமாக அவர் சொன்ன எண்ணிக்கை ஒரு தடவைகூடப் பிசகியதில்லை. தினம் ஒன்று, மாதம் முப்பது. மற்றவர்களுக்கு அம்மா அவரைத்தான் உதாரணம் காட்டுவார். நேற்று வந்த ரத்தப் பரிசோதனை முடிவு அந்தப் பெருமையில் மண்ணைப் போட்டது. கிருமி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இனிமேல் போன் பேச்சே வேண்டாம், நேரில் வந்து சேருங்கள் என்று கூப்பிட்டுவிட்டார்.

எதிரில் உட்கார்ந்தவரைப் பார்த்ததும் அம்மாவுக்குத் திக்கென்றது. போனில் கணீரென்று பேசிய ஆளா இது? ஹேங்கரில் மாட்டியதுபோலத் தோளில் சட்டை தொங்கியது.

“உண்மையைச் சொல்லுங்க. மாத்திரையைத் தூக்கிப் போட்டீங்களா, வித்தீங்களா?”

வெல்டர் கையிலிருந்த தீக்காயத் தழும்பையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

“ஒண்ணுகூட வீணாகலை மேடம். ஒரு நாள் நான் போடுவேன். மறுநாள் பட்டறையில எங்கூட வேலை பாக்குறவர் போடுவாரு. அவருக்கும் இதே வியாதிதான்.”

அம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். இப்படிப் பங்கு போட்டால் மருந்து ரெண்டு பேருக்குமே வேலை செய்யாது, ரெண்டு உயிருக்கும் ஆபத்து என்று படபடத்தார்.

வெல்டர் அழுதேவிட்டார். ஆளுக்குப் பாதியாவது உள்ளே போகட்டும் என்றுதான் நினைத்தாராம்.

“இங்க சும்மாதானே தர்றோம்? வந்து வாங்கிக்க அவருக்கு என்ன?”

“அசிங்கமாப் பேசுவாங்கன்னு பயப்படுறாரு மேடம்.”

“யாரு பேசுவா? உங்களை நான் ஒரு வார்த்தை தப்பாப் பேசியிருப்பேனா?”

“இங்க பேசினதில்ல மேடம்.”

அந்தப் பதிலை அம்மா கவனிக்கவில்லை. நேரில் வரக் கூச்சமென்றால் போன் பண்ணட்டும், முகம்கூடத் தெரியாது என்றார்.

“உங்க குரல் அவருக்குத் தெரியும் மேடம்.”

“அப்போ வாசல் வரைக்குமாவது வரச் சொல்லுங்க. நானே வெளியே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்.”

வெல்டர் தலை நிமிரவே இல்லை. யாரென்று சொல்ல மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தார். ஆனால் ஒரு உயிர் போய்விடும் என்று இப்போதுதானே தெரிந்தது.

“வாசல் வரைக்கும் தினமும் வர்றாரு மேடம். உங்களை இறக்கி விட்டுட்டுத்தான் பட்டறைக்கே வர்றாரு.”