ஸ்வெட்டர்

இமயமலை ஏறப்போன மகன் பனிச்சரிவில் புதைந்தான், உடல் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து வள்ளிநாயகி போர்வைகூடப் போர்த்துவதில்லை. நைனிதால் ஏரியில் படகில் போனபோதும் வெறும் சேலையோடு உட்கார்ந்திருந்தாள். கணவர் மாசிலாமணி ஸ்வெட்டரை நீட்டினார்.

“நீ நடுங்குற நடுக்கத்துல படகே கவுந்துரும். போட்டுக்கோ.”

“எம்புள்ள அங்க விறைச்சுக் கிடக்கான். எனக்கு ஸ்வெட்டர் கேக்குதாக்கும்?”

பிறகு ஏரிக்கு மேலே, குன்றின் உச்சியில், காசு வாங்கித் தொலைநோக்கியில் மலை காட்டுபவன், அவள் மகன் ஏறிய சிகரத்தைத் தேடிக் காட்டினான். அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

“என்ன தெரியுது வள்ளி?”

“அங்க நல்லா வெயிலடிக்குதுங்க.”

கண்ணை எடுக்காமலே, ஸ்வெட்டருக்காகக் கையைப் பின்னால் நீட்டினாள்.