புளியமரத்தைத் தாண்டியதும்

"காத்தாம் காத்து! நொண்டிச்சாக்கு சொல்ல வேற எதுவும் கிடைக்கலையா உனக்கு?"

கேப்டன் விஸ்வநாத் போட்ட சத்தத்தில், ஆபீஸ் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

எதிரே மதுவந்தி. பேரையூர்ப் பக்கத்துப் பொட்டலில் இருக்கும் அந்த விமானப் பயிற்சிப் பள்ளியில் எட்டு மாதமாகப் படிக்கிறாள். அன்று காலை தனியாகப் பறந்துவிட்டு, ஓடுதளத்து முனையில் நிற்கும் புளியமரங்களைத் தாண்டி இறங்கும்போது, குட்டி விமானம் பொத்தென்று விழுந்து, துள்ளி, மறுபடி விழுந்து முன் சக்கரம் ஒடிந்துவிட்டது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கேப்டனிடம் திட்டு வாங்கவே தப்பித்தாள் போலிருக்கிறது.

"ஆடிக் காத்து விட்டு விட்டு அடிக்குது, இன்னிக்குப் போகணுமான்னு கேட்டேனே சார்."

"நான் என்ன சொன்னேன்?"

"பைலட் ஆகப் போறியா, பட்டம் விடப் போறியான்னு கேட்டீங்க."

கேப்டனுக்குச் சுர்ரென்றது. அவள் எழுதிக் கொடுத்திருந்த விளக்கக் கடிதத்தை எடுத்தார். இரண்டு வரி படித்தார். 'காற்று' என்று வந்ததுமே கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

"முனீஸ்வரி! விமானி ஆகத் தகுதி இல்லை, பேரை நீக்கிடலாம்னு இந்தப் பொண்ணு மேல ஒரு ரிப்போர்ட் அடிங்க. சாயங்காலத்துக்குள்ள சென்னை ஹெட் ஆபீஸுக்குப் போயாகணும்."

ஆபீஸ் வேலை எல்லாம் முனீஸ்வரிதான். தலையாட்டினாள்.

"சார், ப்ளீஸ்! வீட்ல சண்டை போட்டு இங்க வந்து சேர்ந்தேன். இப்ப நீக்கிட்டா அடுத்த முகூர்த்தத்துலயே கல்யாணத்தைப் பண்ணி வச்சிருவாங்க சார்."

"பத்திரிகை அனுப்பு. வந்து சாப்பிட்டுட்டுப் போறேன்."

மதுவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். பாவி மனுஷன், கொஞ்சம்கூட இரங்கவில்லை.

அதோடு விட்டாரா? மத்தியானம் மாணவர்கள் எல்லாரையும் ஓடுதளத்து ஓரமாக நிற்க வைத்தார்.

"நல்ல பைலட்டுக்குக் காத்தெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. எப்படி இறங்கணும்னு காட்டுறேன், பாருங்க!"

இருந்த இன்னொரு விமானத்தில் ஏறிப் போனார். ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வந்தார்.

அதே புளியமரங்கள். அதே காற்று. பொத்தென்று விழுந்தது, துள்ளியது, மறுபடி விழுந்தது. அதே மாதிரி முன் சக்கரம் மடக்கென்று ஒடிந்தது.

மாணவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

கேப்டன் நெற்றியில் பிளாஸ்திரியோடு ஆபீஸுக்கு வந்தார்.

"முனீஸ்வரி, ஹெட் ஆபீஸுக்கு நானும் ஒரு விளக்கம் அனுப்பணுமாம். அந்தக் காத்தைப் பத்தி நல்லா விவரமா எழுதணும். எனக்குத் தலை வலிக்குதும்மா."

"நான் அடிச்சுட்டு வாரேன் சார். நீங்க காபியைக் குடிங்க."

காபி ஆறுவதற்குள் தாள் வந்துவிட்டது. கேப்டன் சத்தமாகப் படித்தார்.

"'புளியமரங்களைத் தாண்டியதும் காற்று சட்டென்று அடங்கியது. அடுத்த நொடியே பக்கவாட்டில் ஓங்கி அடித்தது.' அடடா! கூடவே உட்கார்ந்து வந்த மாதிரி எழுதியிருக்கீங்களே! அருமை!"

அதற்கு மேல் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். முனீஸ்வரி அங்கேயே ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டாள்.

"நான் எங்க சார் எழுதினேன்? காலையில நீங்க குப்பைக் கூடையில போட்டது. மதுவந்தி எழுதின லெட்டர். பேரையும் பிளேன் நம்பரையும் மட்டுந்தான் மாத்துனேன்."

கேப்டன் முகம் வெளுத்துப்போனது.

"அந்தப் பொண்ணு மேல அடிச்ச ரிப்போர்ட் எங்கே?"

"இந்தா இருக்கு. அடுத்து இதைத்தான் அனுப்பப் போறேன்."

வெடுக்கென்று பிடுங்கி நாலாகக் கிழித்தார்.

"சின்னப் பொண்ணு, பாவம். இம்புட்டுக் காத்துல அவதான் என்ன பண்ணுவா? நமக்கும் மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல? நாளைக்கே வகுப்புக்கு வரச் சொல்லுங்க."

"சொல்லிடறேன் சார். லெட்டரோட கடைசி வரியைப் படிச்சீங்களா?"

"கடைசி வரியா? அதுல என்ன?"

முனீஸ்வரி தாளை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவருடைய கையெழுத்துக்கு நேர் மேலே இருந்தது அந்த வரி:

'காற்றின் மேல் பழி போட விரும்பவில்லை. துள்ளியதும் மறுபடி மேலே ஏற்றாமல், பயந்துபோய் விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்கியது என் தவறுதான்.'