சொந்த நாற்காலி

பழவங்காடி முக்கில் சுடலைக்கண்ணு இன்று காலை சொந்தமாகத் திறந்திருக்கும் சலூனில் ஒரே ஒரு நாற்காலிதான். அதில் முதல் ஆளாகச் சொரிமுத்து உட்கார்ந்திருக்கிறான். "அண்ணாச்சி, போணிக்கு நீங்கதான் உக்காரணும், வாங்க" என்று எதிர்க்கடைக்கே வந்து கையைப் பிடித்து இழுத்துவந்துவிட்டான் சுடலைக்கண்ணு. அந்த எதிர்க்கடையில்தான் இருவரும் பன்னிரண்டு வருஷம் ஒரே முதலாளிக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் நின்று முடி வெட்டினார்கள். சிவப்பு ரெக்சின் மேல் இன்னும் பிரிக்காத பாலிதீன் உறை சொரிமுத்துவின் தொடைக்கடியில் கிரீச்சிடுகிறது. கணபதி கோயிலில் தேங்காய்கள் விட்டுவிட்டுச் சிதறுகின்றன. அதில் ஒன்று இந்தக் கடைக்காக உடைத்ததாக இருக்கும். சொரிமுத்துவின் கண் குறை தேடுகிறது. புதுக் கண்ணாடியில் ஒரு புள்ளிகூட இல்லை. கண்ணாடிக்குள், சாலைக்கு அப்பால் பழைய கடையும், அவன் வழக்கமாக நிற்கும் இடமும் சின்னதாகத் தெரிகின்றன. கத்தி தாடையில் இறங்குகிறது, இறங்கியதே தெரியவில்லை. தான் சும்மா நின்றாலும் "சுடலை வரட்டே" என்று வாடிக்கைக்காரர்கள் பெஞ்சில் பேப்பரோடு காத்துக் கிடந்தது ஏன் என்பது, அந்தக் கைக்கு ஒருநாளும் முகம் கொடுத்திராத சொரிமுத்துவுக்கு இப்போதுதான் தெரிகிறது. கண் தானாகச் செருகுகிறது. பிடிவாதமாகத் திறந்து வைத்துக்கொள்கிறான். படிகாரக் கட்டிக்கு வேலையே இல்லை. சுடலைக்கண்ணு துண்டால் ஒற்றி எடுக்கிறான். வாசலில் யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்து நிற்கிறார். "கை எப்படி அண்ணாச்சி?" சொரிமுத்து வழவழத்த தாடையைத் தடவிப் பார்க்கிறான். வாசல்வரை கேட்கும்படி சொல்கிறான்: "லேசா எரியுதுடே."