இது என்ன மரம்?

பூங்காவைச் சுற்றிக்காட்டும் சைக்கிள் குழுவில் கடைசியாக வந்தது ஒரு தம்பதி. இதய ஆபரேஷனுக்குப் பிறகு கணவர் ஏறும் முதல் சைக்கிள் இது.

"நடுவுல நிறுத்தி 'மூச்சு வாங்குதா'ன்னு கேட்டே, அப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவேன்" என்று மனைவியை வாசலிலேயே மிரட்டியிருந்தார். அவளும் கேட்கவே இல்லை.

முதல் மேட்டில் ஏறியதும், "தம்பி, நில்லுங்க! இது என்ன மரம்?" என்றாள்.

"போர்டு மாட்டியிருக்கேக்கா" என்றான் வழிகாட்டி.

"கண்ணாடி எடுத்துட்டு வரலை. நீங்களே சொல்லுங்க."

வேர் முதல் விதை வரை சொன்னான். அடுத்த மேட்டில் வேறு மரம், அதே கேள்வி. மூன்றாவது மேட்டில் மொத்தக் குழுவும் கோரஸாக, "இது என்ன மரம்?" என்று கேட்டுச் சிரித்தது.

"இவளுக்கு மரம்னா ஒண்ணுமே தெரியாது. நல்லா விளக்கமா சொல்லுங்க தம்பி" என்றார் கணவர், முகத்தைத் துடைத்தபடி.

சுற்று முடிந்ததும் பூங்கா அதிகாரி ஓடிவந்தார்.

"புரொபசர் மேடம்! ஒரு போன் பண்ணக் கூடாதா? தம்பி, நம்ம மரத்து போர்டு எல்லாமே மேடம் எழுதிக் கொடுத்ததுதான்!"

வழிகாட்டி திருதிருவென்று விழித்தான். நின்ற இடமெல்லாம் மேடு என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"நான் இன்னும் ரெண்டு சுத்து போயிருப்பேன். இவதான் மரம் மரம்னு நிறுத்திட்டா" என்றார் கணவர்.

"ஆமா, என்னாலதான்" என்றாள் மனைவி. "அடுத்த வாரமும் வர்றோம் தம்பி. அதுக்குள்ள எனக்கு எல்லா மரமும் மறந்துடும்."