கேம்பருக்குப் பொருந்தாத வண்டி

“பின்னாடி எட்டடித் தொட்டி இருந்த நல்ல பிக்கப் வண்டியைக் குடுத்துட்டு, அஞ்சரை அடித் தொட்டி வண்டியோட வந்து நிக்கிறீங்களே! நம்ம கேம்பரை இதுல எப்படிங்க ஏத்துறது?”

லோர்னா போட்ட சத்தத்தில் பக்கத்துப் பண்ணைக் குதிரைகூடத் திரும்பிப் பார்த்தது.

ஆரின் தலையைச் சொறிந்தார். “அளக்க மறந்துட்டேன் லோர்னா.”

“தச்சு வேலை செய்யறவர் பேசற பேச்சா இது? பாதி கேம்பர் பின்னாடி தொங்கும். முதல் மேட்டுலயே முன்சக்கரம் தூக்கிக்கும்!”

கேம்பர் என்றால், வண்டித் தொட்டியில் ஏற்றிக்கொண்டு போகிற குட்டி வீடு. வருஷம் தவறாமல் அதில்தான் ஆரின் மான் வேட்டைக்குப் போவார். இப்போது அது வாசலில் ஜாக்கிகளின் மேல் நின்றது. உள்ளே லோர்னாவின் அண்ணன் வெண்டல் குடியிருந்தார்.

கோடையில் வந்த காட்டுத்தீயில் அவர் வீடு போய்விட்டது. ஆனால் ரோஷம் மட்டும் அப்படியே இருந்தது. தங்கை வீட்டுக்குள் வந்து தங்க மாட்டேன் என்றுவிட்டார். வேட்டை தொடங்கும்வரை கேம்பரில், அதன்பின் தன் காரில் என்று ஒரே பிடிவாதம்.

மொன்டானா பனியில், காரில்! அதை நினைத்தே லோர்னாவுக்குத் தூக்கம் போயிருந்தது. இந்த லட்சணத்தில் கணவர் வேறு இப்படி.

சத்தம் கேட்டு வெண்டல், கேம்பரைக் காலி செய்யத் தயாராகப் பையும் கையுமாக இறங்கி வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“மாப்ளே, உங்களை நம்பி என் தங்கச்சியைக் குடுத்தோமே!”

“தப்புதான் மச்சான்.”

“கேம்பர் இனி வாசலை விட்டு நகராது. கூரையில பனி ஏறினா யார் தள்ளுவா? ஹீட்டர் போடலைன்னா தண்ணி உறைஞ்சு குழாயெல்லாம் வெடிச்சிடும். அளக்கவே தெரியாத ஆளு இதையெல்லாம் எங்க பார்க்கப் போறீங்க? இந்தக் குளிர்காலம் முழுக்க நானே இருந்து பார்த்துக்கறேன். நன்றியெல்லாம் வேணாம்!”

பையோடு திரும்ப ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சமையலறையிலும் லோர்னா விடவில்லை. “அந்தக் கடைக்காரனாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?”

“சொன்னானே. எட்டடி வண்டியைத்தான் முதல்ல காட்டினான். நான்தான் வேணவே வேணாம்னுட்டேன்.”

லோர்னா சட்டென்று நின்றாள். ஜன்னல் வழியே கேம்பரைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

“பாவி மனுஷா! என்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“சொல்லியிருந்தா நீ இவ்வளவு அழகா திட்டியிருப்பியா? உங்கண்ணன்தான் நம்பியிருப்பாரா?”